ஃபார்மெட் பண்ணுவதற்கு முன்

ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை எங்கள் கடலோரச் சி ரூசாவில் விடியற்காலைத் தூக்கம் பல நாள் இடியில்தான் கலையும். மலாக்கா நீரிணையில் இரவோடு இரவாகத் திரண்டு, வரிசை கட்டிக் கரைக்கு வரும் அந்தக் காற்றுமழையை வானிலைக்காரர்கள் 'சுமத்ரா' என்றே அழைக்கிறார்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மாலை இடியும் சேர்ந்துகொள்ளும். உலகிலேயே அதிகமாக இடி முழங்கும் வட்டாரங்களில் நம் தீபகற்பத்தின் மேற்குக் கரையும் ஒன்று. இந்தப் பக்கத்து வீட்டுக் கணினிகளின் கோளாறுகளைப் பற்றிப் பேசுவதானால் இடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இடி என்றதும் மின்னல் தாக்கிக் கருகிப்போன மோடம்தான் நினைவுக்கு வரும். செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு இருந்த காலத்தில் அது அடிக்கடி நடந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஃபைபர் வந்த வீடுகளில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் எதையும் கருக்காமல், ஒரு நொடி மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போகும் இடிதான் அதிகம். மறுநாள் கணினி 'தானியங்கிப் பழுதுபார்ப்பு' என்று சொல்லிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காரணம் இதுதான். 'சேவ்' பொத்தானை அழுத்தியதும் கோப்பு உடனே வட்டுக்குப் போய்விடுவதில்லை. வேகத்துக்காக, இயங்குதளம் அதைச் சில நொடிகள் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் எழுத்து பாதியில் நிற்கும். இதைச் சமாளிக்கத்தான் 1993ல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் முறை ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்கிறது. தோட்டத்துக் கிராணி வெளிக்காட்டில் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, ஆபீசுக்கு வந்து செக்ரோலில் ஏற்றுவதைப்போல, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் உண்மையான இடத்தில் கை வைக்கும். மின்சாரம் திரும்பியதும் குறிப்பேட்டைப் பார்த்து, அரைகுறையாக நின்றதை முடிக்கும், அல்லது முன்பிருந்த நிலைக்கே கொண்டுபோகும்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குறிப்பேடு காப்பாற்றுவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டுமே. கோப்புக்குள் நீங்கள் கடைசியாகத் தட்டச்சு செய்த பத்திக்கு அது பொறுப்பேற்காது. பெரும்பாலான பென் டிரைவ்களில் இருக்கும் பழைய ஃபேட் வகை முறையில் இந்தக் குறிப்பேடே கிடையாது. ஆசிரியர்கள் தேர்வுத் தாளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, 'இஜெக்ட்' கொடுக்காமல் சட்டென்று பிடுங்கிய பிறகு அது திறக்க மறுப்பது இதனால்தான்.

அடுத்தது எல்லோரையும் கலங்க வைக்கும் நீலத் திரை. (2025ல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்பில் நீலம் போய்க் கறுப்பு வந்துவிட்டது.) சாதாரணச் செயலி ஒன்று தப்பு செய்தால் இயங்குதளம் அதை மட்டும் மூடிவிடும். தப்பு கெர்னல் என்ற மையப் பகுதியில் நடந்தால் கதை வேறு. தொடர்ந்து ஓடவிட்டால் வட்டில் கண்டதையும் எழுதிக் கோப்புகளை நாசமாக்கிவிடக்கூடும் என்பதால், கணினி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. உங்கள் கோப்புகளைக் காப்பதற்காகவே போடப்படும் நிறுத்தம் அது. கீழே சின்ன எழுத்தில் வரும் குறியீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றிருந்தால் முதலில் ரேமைச் சந்தேகிக்கலாம். 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்றால் வட்டையோ அதன் இணைப்பையோ பார்க்க வேண்டும். ஏதாவது டிரைவர் கோப்பின் பெயர் வந்தால், அண்மையில் என்ன நிறுவினோம் என்று யோசிக்க வேண்டும்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளுக்கு ஆட்களே கையால் செக்-இன் செய்ய வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் மென்பொருள் கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்ததால்தான் ஒரே கோப்பு கணினியையே சாய்த்தது. அப்போது சொல்லப்பட்ட வைத்தியம், கணினியை 'சேஃப் மோடில்' திறந்து, அந்த ஒரு கோப்பை அழித்து, மறுபடி இயக்குவது. எந்தக் கணினியையும் ஃபார்மெட் பண்ணச் சொல்லவில்லை.

அதே சேஃப் மோடு உங்கள் வீட்டுக் கணினியிலும் இருக்கிறது. உள்ளே போக முடிந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். போகவே முடியாவிட்டால், தொடங்கும்போதே மின்பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அங்கே 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பிறகு 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்'. சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் மட்டுமே ஓடும். அதில் கணினி ஒழுங்காக ஓடினால், குற்றவாளி பெரும்பாலும் நீங்கள் பின்னால் சேர்த்த ஏதோ ஒன்றுதான்.

கடலோரத்துக்கென்றே சில கோளாறுகள் இருக்கின்றன. சி ரூசாவில் ஓர் அக்கா வீட்டில் நீலத் திரையில் நின்ற கணினியைப் பார்க்கப் போனேன். "கடையில ஃபார்மெட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க தம்பி. கோயில் திருவிழாப் படமெல்லாம் இதுலதான் இருக்கு, வேற எங்கேயும் இல்ல" என்றார். பெட்டியைத் திறந்தால் பல்லி முட்டை ஓடுகள், விசிறியில் பஞ்சாய்ப் படிந்த தூசி. ரேம் பட்டையின் பொன்னிற முனைகளில் மங்கலான படலம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் உலோக முனைகள் இப்படித்தான் ஆகும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பென்சில் அழிப்பானால் முனைகளை மெல்லத் தேய்த்து, திரும்பச் சொருகினோம். நீலத் திரை வரவில்லை.

ஆனால் இணையம் திறக்கவில்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை. மூலையில் பார்த்தால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. பழைய தேதியில் வாழும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் கணினிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் தேதி மறந்துபோகும். அந்த பேட்டரியின் எண் 2032. சில ரிங்கிட்டில் கிடைக்கும்.

தமிழர் வீடுகளில் மட்டும் வரும் 'வைரஸ்' ஒன்றும் உண்டு. பழைய சங்கக் கூட்டறிக்கையைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறிகளாகச் சிதறிக் கிடக்கும். அது வைரஸ் அல்ல. விண்டோஸ் 2000ல் 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வருவதற்கு முன், பல மென்பொருள்கள் தமக்கென ஒரு குறிமுறையை வைத்திருந்தன. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டச்சு செய்த ஆவணங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கும். உரிய எழுத்துருவை நிறுவினால் எழுத்து திரும்பும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்.

இரண்டு திரைகளை மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். திரை முழுக்கச் சிவப்பாகி, அபாயச் சங்கு ஊதி, 'இந்த எண்ணை உடனே அழையுங்கள்' என்றால் அது மோசடி. உண்மையான விண்டோஸ் பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது. அழைத்துப் பணமும் கொடுத்துவிட்டிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997க்குச் சொல்லுங்கள். மற்றொன்று, 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும் பிட்லாக்கர் திரை. அது உண்மையானது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு உங்களுக்குத் தெரியாமலே பூட்டப்பட்டிருக்கும். தாய்ப்பலகையை மாற்றினாலோ அமைப்புகளைத் திருத்தினாலோ சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் சாவி இல்லாத வட்டை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஃபார்மெட்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டு, தோட்டத்துச் சனங்கள் நாலா பக்கமும் பிரிந்த காலத்தில் எடுத்த படங்கள் பல வீடுகளில் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. லயத்து வாசலில் நிற்கும் பாட்டியை இனி எந்தக் கேமராவாலும் படம் பிடிக்க முடியாது. சுழலும் பழைய வட்டில் விரைவு ஃபார்மெட் பண்ணினால் பட்டியல்தான் போகும். மேலே எதுவும் எழுதாத வரை படங்களை மீட்கலாம். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. காலியான இடங்களை அது தானாகவே துடைத்துவிடும்.

வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், வட்டின் பிழைகளைத் தேடும் 'செக்டிஸ்க்' ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் வட்டை அது மேலும் உழைக்க வைக்கும். கணினியை அணைத்துவிடுங்கள். சத்தமில்லாத வட்டு என்றால், கடையில் ஃபார்மெட் என்று சொன்னதும் வட்டைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு, வேறு கணினியில் செருகிப் படியெடுத்துத் தரச் சொல்லுங்கள். 'யூசர்ஸ்' அடைவுக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுசாக எடுக்க வேண்டும். 'பிக்சர்ஸ்', 'டாக்குமென்ட்ஸ்' இரண்டையும் எல்லோரும் எடுப்பார்கள். 'டெஸ்க்டாப்', 'டவுன்லோட்ஸ்' இரண்டும் விட்டுப்போகும். வாட்ஸ்அப்பில் வந்து இறக்கி வைத்த குடும்பப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.