கணையத் திட்டுகள்

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம், சிட்லபாக்கம் முதலிய ஊர்களில் ஏரிகள் உள. ஏரியின் நீர்ப்பரப்பினிடையே திட்டுகள் தலைகாட்டுவது போன்றதொரு காட்சி நம் உடம்பினுள்ளும் உண்டு. அதனைக் காண்பதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

இரைப்பையின் பின்னே கிடப்பது கணையம். அதன் பெரும்பகுதி, உணவைச் செரிப்பிக்கும் நீரைச் சுரப்பதாகும். அப்பகுதியினிடையே வேறுவகை உயிரணுக்கள் சிறுசிறு திட்டுகளாக அமைந்திருத்தலை, 1869ஆம் ஆண்டில், பெர்லினில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர் கண்டார். அவற்றின் தொழில் இன்னதென அவர் அறிந்திலர். குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் அத்திட்டுகளிலேயே தோன்றுகின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1921ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர்.

இன்சுலின் குறைந்தால் நீரிழிவு உண்டாகும். மிகுந்தால் யாதாகும்? அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சன்றோ! அரிதாக, இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகிக் கட்டியாகின்றன. அக்கட்டி, உடம்புக்குத் தேவையில்லாத வேளையிலும் இன்சுலினைச் சுரந்துகொண்டேயிருக்கும். ஆதலின், நோயாளி உண்ணாதிருக்கும்போது வியர்ப்பார், நடுங்குவார், பொருளின்றிப் பேசுவார், முடிவில் மயங்கி வீழ்வார். காரணம் அறியாதார் அவரைப் பித்தரென்றும் குடியரென்றும் இகழ்தல் கூடும். குருதியில் சர்க்கரை ஏறியதும் அவர் தெளிவு பெறுவார்.

அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த வைல்டர் முதலியோர், இத்தகைய நோயாளி ஒருவரைப்பற்றி 1927ஆம் ஆண்டில் எழுதினர். அவருடைய கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தமையால் அகற்ற இயலவில்லை. இறந்தபின் அதிலிருந்து எடுத்த சாற்றை முயல்களுக்குச் செலுத்தினர். அவற்றின் குருதியில் சர்க்கரை குறைந்தது. 1929ஆம் ஆண்டில் டொராண்டோவில் கிரகாம் என்னும் அறுவை மருத்துவர் வேறொரு நோயாளியின் கட்டியை அகற்றினார். அந்நோயாளி நலம் பெற்றார்.

அகற்றிய கட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்வர். உயிரணுக்கள் நாடாப்போல வளைந்தும், கூட்டங்கூட்டமாகத் திரண்டும் தோன்றும். இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சேர்த்து நிறமேற்றினால், இன்சுலின் உள்ள உயிரணுக்கள் தனித்து விளங்கும்.

ஆயினும், தோற்றத்தை மட்டுங் கண்டு கட்டியின் இயல்பை முற்றும் துணிதல் அரிது. பத்துக் கட்டிகளுள் ஏறத்தாழ ஒன்பது பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை, பரவுவது சிலவே. இருவகையும் நுண்ணோக்கியில் ஒத்துத் தோன்றுதலும் உண்டு. ஆகவே, கட்டி வேறிடம் பரவியுள்ளதா என்பதையும் மருத்துவர் தேர்ந்தே முடிவு கூறுவர்.

ஒரு நெல்லிக்காயினும் சிறியதாக இருக்கக்கூடிய கட்டி, ஒருவரது அறிவையே மயக்கவல்லது. தெருவில் தடுமாறி வீழ்ந்தவரைக் கண்டவுடன் பழித்தல் தகாது. அவருக்கு உற்றது நோயாகவும் இருக்கலாம் என எண்ணி, விரைந்து மருத்துவரிடம் சேர்ப்பித்தலே கற்றவர் கடமையாகும்.