பெரிய மனசும் பெருத்த இதயமும்

எனக்கு அப்போது 19 வயது. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அப்பாவும் அம்மாவும் வேலையில் இருந்ததால், டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த பலருக்கும் இந்த வேலை பழக்கமானதுதான்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், ‘என்லார்ஜ்ட் ஹார்ட்’ என்றார்.

“என்னடி சொல்றாரு?” என்று கேட்டார் பாட்டி.

“உங்க இருதயம் பெருசா இருக்காம் பாட்டி.”

பாட்டி சிரித்துவிட்டார். “இதச் சொல்ல எக்ஸ்ரே எதுக்கு? எனக்குப் பெரிய மனசுன்னு புளோக் முழுக்கத் தெரியுமே!”

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்டை வீட்டாரிடமெல்லாம் இதையே பெருமையாகச் சொன்னார். மாத்திரைகளை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். மறுபரிசோதனை நாளன்று, “நல்லாத்தானே இருக்கேன்” என்று தட்டிக்கழித்தார். இரண்டு மாதங்களில் கால் வீங்கியது. ஒருநாள் நள்ளிரவில் மூச்சு வாங்க, ஆம்புலன்சை அழைத்தோம். அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவர்தான் தெளிவாகச் சொன்னார்: “இருதயம் இருக்க வேண்டிய அளவவிடப் பெருத்துப்போச்சும்மா. ரத்தத்தத் தள்ள சிரமப்படுது.”

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் டாக்டரின் சொல்லில் இருந்த எச்சரிக்கை என் சொல்லில் விடுபட்டுப் போனது. ‘பிக்’ என்றால் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். ‘என்லார்ஜ்ட்’ என்றால், இருந்த அளவைத் தாண்டிப் பெரிதாகிவிட்டது. டாக்டர் வாயிலிருந்து வரும்போது அது பெருமைப்படும் செய்தி இல்லை.

இன்று வானொலி நிலையத்தில் ஆங்கிலச் செய்திக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது, அளவைக் குறிக்கும் சொல் வந்தால் என் கை ஒரு கணம் நின்றுவிடும். ஒன்றுபோலத் தோன்றும் இந்தச் சொற்கள், அளவின் வெவ்வேறு பக்கங்களைப் பார்க்கின்றன. எது எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘லார்ஜ்’ அண்ணன்

தொடக்கநிலை நான்கில் படிக்கும் தம் மகன், ஆங்கிலக் கட்டுரையில் ‘மை லார்ஜ் பிரதர்’ என்று எழுதிவிட்டதாக நேயர் ஒருவர் சொன்னார். ஆசிரியர் வட்டமிட்டது ஒருபுறம் இருக்க, “என்னைக் குண்டன்னு எழுதியிருக்கான்” என்று மூத்தவனுக்குக் கோபமாம்.

மூத்தவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ‘லார்ஜ்’ என்பது அளந்து பார்க்கும் சொல். சட்டையில் ‘எல்’ என்று போடுவது அதனால்தான். தொகை, மக்கள்தொகை, எண்ணிக்கை எல்லாம் ‘லார்ஜ்’. அலுவலக மின்னஞ்சலில் ‘பிக் நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ்’ என்பதைவிட ‘லார்ஜ் நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ்’ என்று எழுதுவதே பொருந்தும்.

‘பிக்’ பேச்சுவழக்குக்கு நெருக்கமானது. உருவத்தோடு வயதையும் முக்கியத்துவத்தையும் சேர்த்துச் சொல்லும். ‘பிக் பிரதர்’, ‘பிக் டே’, ‘பிக் மிஸ்டேக்’ என்பார்கள். நாம் பெரியப்பா என்று அழைப்பவர் ஒல்லியாகவும் இருக்கலாம் அல்லவா? அந்தப் ‘பெரிய’வுக்கு ஈடானது இந்த ‘பிக்’.

‘கிரேட்’ இன்று பெரும்பாலும் சிறப்பையும், கண்ணால் பார்க்க முடியாதவற்றின் மிகுதியையும் குறிக்கிறது. ‘கிரேட் கேர்’ என்றால் மிகுந்த கவனம். முன்பு அது உருவ அளவுக்கும் தாராளமாகப் பயன்பட்டது. ‘கிரேட் பிரிட்டன்’ என்ற பெயரில் உள்ள ‘கிரேட்’ தற்பெருமை இல்லை. பிரான்சில் உள்ள பிரிட்டனி என்ற சிறிய நிலப்பகுதியிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த அடைமொழி அது.

உயரம் இரண்டு

‘டால்’, ‘ஹை’ இரண்டையும் நாம் உயரம் என்றே சொல்கிறோம். தரையிலிருந்து நெடுநெடுவென்று எழுந்து நிற்பது ‘டால்’. மனிதர், மரம், கட்டடம் எல்லாம் இதில் அடங்கும். கோலாலம்பூரின் 678.9 மீட்டர் மெர்டேக்கா 118 கோபுரம் ‘டால்’. மலையும் குன்றும் ‘ஹை’. புக்கிட் தீமா குன்று ஏறக்குறைய 164 மீட்டர்தான் என்றாலும், அதற்கு ‘ஹை’தான்.

ஒரு பொருள் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதற்கும் ‘ஹை’ வரும். வீவக வீட்டு விளம்பரங்களில் ‘ஹை ஃபுளோர்’ என்று போடுவார்கள், ‘டால் ஃபுளோர்’ என்று போடமாட்டார்கள். கூரையை ஒட்டி மாட்டிய குட்டி அலமாரி ‘ஹை’. தரையில் நிற்கும் ஆளுயர அலமாரி ‘டால்’.

கூட்டத்தில் கவனம்

‘வைட்’, ‘பிராட்’ இரண்டுமே அகலம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ‘வைட்’. சாலை, வாசல், கால்வாய் இவற்றுக்குப் பொருந்தும். தோளுக்கும் மார்புக்கும் ‘பிராட்’.

வேலையிடத்தில் இந்த வேறுபாடு கணக்கை மாற்றிவிடும். ‘பிராட் அக்ரிமெண்ட்’ என்று மேலாளர் சொன்னால், முக்கியமான விஷயங்களில் ஒத்துப்போகிறோம், விவரங்கள் இன்னும் பேசப்பட வேண்டும் என்று பொருள். ‘வைட் அக்ரிமெண்ட்’ என்றால், பலரும் ஒத்துக்கொண்டார்கள் என்று பொருள். முன்னதைக் கேட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று வேலையைத் தொடங்கினால், மறுவாரம் திருத்த வேண்டி வரலாம்.

தற்குறிப்பு எழுதும் இளையர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘வாஸ்ட்’ என்பது கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடப்பதைச் சொல்வது. கடல், பாலைவனம் போன்றவற்றுக்கு உரியது. பெட்டி எவ்வளவு பெரிதானாலும் ‘ஹியூஜ்’ ஆகலாம், ‘வாஸ்ட்’ ஆகாது. இரண்டு ஆண்டு அனுபவத்தை ‘வாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினால் நேர்முகத் தேர்வில் புன்னகைதான் பதிலாகக் கிடைக்கும். பல துறைகளைத் தொட்ட நீண்ட அனுபவம் இருந்தால் ‘எக்ஸ்டென்சிவ்’ பொருந்தும். இல்லையென்றால் இரண்டு ஆண்டு என்று எழுதிவிடுவதே நல்லது.

பரவலா, கனமா?

வானொலியில் அடிக்கடி வரும் சிக்கல் மழை. ‘வைட்ஸ்பிரெட் ரெயின்’ என்ற குறிப்பைப் பார்த்ததும் கனமழை என்று எழுத என் கை பரபரக்கும். ஆனால் அந்தச் சொல் எத்தனை இடத்தில் மழை என்று மட்டுமே சொல்கிறது, எவ்வளவு வேகம் என்று சொல்லவில்லை. தீவு முழுவதும் தூறினாலும் அது பரவலான மழைதான். ஜூரோங்கில் கொட்டித் தீர்த்து, தெம்பனிசில் வெயில் அடித்தால், அது கனமழை, ஆனால் பரவலான மழை இல்லை. துணி காயப்போட்டவருக்கும் மோட்டார்சைக்கிளில் கிளம்புபவருக்கும் இந்த வேறுபாடு முக்கியம்.

தமிழில் கேட்டுப் பாருங்கள்

சொல் தடுமாறும்போது நான் தமிழில் சில கேள்விகள் கேட்டுக்கொள்வேன். அளந்து சொல்கிறேனா, முக்கியம் என்கிறேனா? மேல்நோக்கி நீள்கிறதா, பக்கவாட்டில் விரிகிறதா? ஓரிடத்தில் மிகுதியா, பல இடங்களில் பரவலா? இருப்பதே இந்த அளவா, அல்லது அளவு மாறிவிட்டதா? பெருத்த, நெடிய, அகன்ற, பரந்த, பரவலான என்று நம்மிடமும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘பெரிய’ என்ற ஒரே சொல்லில் அடக்கும் பழக்கத்தை விட்டால், ஆங்கிலத்திலும் சரியான சொல் கைக்கு வரும்.

தாத்தா பாட்டியோடு மருத்துவமனைக்குச் செல்லும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் அளவைப் பற்றி எதைச் சொன்னாலும், “எதைவிடப் பெரிது? அதனால் என்ன ஆகும்?” என்று திருப்பிக் கேளுங்கள். புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். அன்று நான் கேட்டிருந்தால், ஆம்புலன்ஸ் வந்திருக்காமலும் போயிருக்கலாம்.

பாட்டி அதன்பின் ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். ஒருவேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. யாராவது உடம்பைப் பற்றி விசாரித்தால், என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுச் சொல்வார்: “மனசு பெருசா இருக்கலாம்மா. இருதயம் அளவாத்தான் இருக்கணும்.”