அப்புவின் தோட்டம், மகளின் உறுதி

உரும்பிராய்ச் செம்மண்ணில் தள்ளாத வயதுவரை பாடுபட்ட அப்புமாரை நினைத்தால் துலாவும் கிணறுமே முதலில் கண்முன் வரும். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன், ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, விடியுமுன்னரே இறைப்புத் தொடங்கிவிடும். பல வீடுகளில் பாத்திக்குத் தண்ணீர் மாறியவர் ஆச்சிதான். அதைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறோம்.

புகையிலையும் வெங்காயமும் விற்ற காசு அப்புவின் மடியில் தங்கவில்லை. காணியாகி, மகள்மாருக்குச் சீதனமாக எழுதப்பட்டது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும் சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே கண்டது. அந்த மனிதரின் வியர்வை இன்று நமது பெயரிலுள்ள உறுதிகளில் இருக்கிறது.

1987 ஒக்டோபர்ச் சண்டையின்போதும், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோதும் உறுதிகளைக் கைவிட்டு ஓடியவர்கள் எத்தனை பேர்! கிணற்றடியை விட்டு வரமாட்டேன் என்று நின்ற முதியவர்களும் உண்டு.

பதிவு செய்த உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டுப் பெறலாம். ஆனால் பங்குக் கிணற்றில் நமது இறைப்பு முறை எந்த நாள், பழைய வேலி எந்தப் பூவரசோடு போனது என்பதெல்லாம் அப்புவின் வாயில்தான் இருந்தன. அவரோடு தோட்டத்தில் நின்ற ஆச்சி இருந்தால், இந்தக் கிழமையே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.