குகைக் கூரையில் விளக்கேற்றும் குடம்பி

உளுத்த மரத்திற் படர்ந்த காளானின் அடியிற் சிலவேளை பளபளக்கும் மெல்லிய வழும்பு வலையொன்று காணப்படும். காளான் உதிர்க்கும் வித்திகளை அவ்வலையில் ஏந்தி உண்பன, ஒருவகைச் சிறு ஈக்களின் குடம்பிகள்.

இக்குடும்பத்திற் பிறந்தும் குலத்தொழிலை விட்டு வேட்டையில் இறங்கிய ஓரினம் நியூசிலாந்தில் உண்டு. 1887ஆம் ஆண்டில் மாவோரித் தலைவர் தானே தினோராவு, ஆங்கிலேயர் ஒருவருடன் சிறு தெப்பத்தில் ஏறி வைட்டோமோக் குகையினுட் புகுந்தார். கூரையெங்கும் நீலப்பச்சை ஒளிப்புள்ளிகள்! ஒவ்வொன்றும் ஒரு குடம்பியின் வாற்புறத்து விளக்கு. (நம் மின்மினி வண்டினம், இதற்கு உறவன்று.)

வழும்புக் குழாயொன்றிற் படுத்தபடி குடம்பி பட்டுநூல்களைத் தொங்கவிடுகிறது. நூல்தோறும் முத்துக் கோத்தாற்போலப் பசைத்துளிகள். ஓடையிற் பிறந்த பூச்சிகள் ஒளியை நாடிவந்து ஒட்டிக்கொள்ள, நூலை மேலிழுத்து உண்கிறது. மாதக்கணக்கில் இப்படி உண்டு வளர்ந்தது, ஈயானபின் வாய்க்கு வேலையின்றிச் சில நாளில் மடிகிறது.

அப்பசைத்துளி பெரும்பாலும் நீரே. காற்று உலர்ந்தால் நூலும் உலரும், வேட்டையும் இல்லை. மேல்வாயிலூடாக உலர்காற்றுப் புகுந்தமையால், 1979ஆம் ஆண்டில் விளக்குகள் பல அணைந்து, குகையைச் சில மாதம் மூட நேர்ந்தது. அக்கதவை யாரும் அதுவரை பெரிதாக எண்ணியதில்லை போலும். இன்று குகைக்காற்றின் ஈரலிப்பைக் கருவிகள் இடையறாது அளக்கின்றன. கதவு திறப்பதும் அடைபடுவதும் அதைப் பார்த்தே.