'புட் ஆஃப்': தள்ளிப்போட்டது யார்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது என்று எல்லோருக்கும் தெரியும். வாக்கியத்தில் வைக்கும்போதுதான் தடுமாற்றம்.

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் பதிந்த கரும்பு வயலில் நிற்கிறது. வெட்டுவதைத் தள்ளிப்போட்டோம். இதைப் பலர் 'வீ புட் ஆஃப் டு கட் தி கேன்' என்று எழுதுகிறார்கள். தவறு. 'வீ புட் ஆஃப் கட்டிங் தி கேன்' என்று எழுத வேண்டும். இதற்கு இலக்கணப் புத்தகம் தேட வேண்டாம், நம் காதே சொல்லிவிடும். 'வெட்டத் தள்ளிப்போட்டோம்' என்று யார் பேசுகிறார்கள்? 'வெட்டுவதை' என்கிறோம். அந்த 'வெட்டுவதை'தான் 'கட்டிங்'.

'புட் ஆஃப் தி மீட்டிங்', 'புட் தி மீட்டிங் ஆஃப்' இரண்டுமே சரி. 'இட்' வந்தால் மட்டும் அது நடுவில்தான் உட்காரும்: 'டோன்ட் புட் இட் ஆஃப்'. இறந்தகாலத்திலும் 'புட்' மாறாது. எதுவரைக்கும் என்றால் 'டில் மண்டே', எவ்வளவு நாள் என்றால் 'பை அ வீக்'. கூட்டமே கிடையாது என்றாகிவிட்டால் அது 'கால்ட் ஆஃப்'.

இவ்வளவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 'புட் ஆஃப்' என்றால் யாரோ ஒருவர் முடிவெடுத்துத் தள்ளியிருக்கிறார் என்று அர்த்தம். தானாகத் தாமதமானதற்கு அது பொருந்தாது. சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதை சுமார் 16 கிலோமீட்டர்தான். 2006-07இல் ஒப்புதல் கிடைத்தும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நிலம் கைக்கு வராமல் வேலை நின்ற நாட்களுக்கு 'தி ஒர்க் வாஸ் டிலேய்ட்'. அதிகாரிகள் உட்கார்ந்து பேசி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று முடிவெடுத்தால்தான் 'தே புட் இட் ஆஃப்'. 'ப்ரோக்ராஸ்டினேட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. செய்ய முடிந்தும் மனமில்லாமல் நாளைக் கடத்துகிறவருக்குத்தான் அந்தச் சொல்.

கல்வராயன் மலையைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிற பெண், காய்ச்சலோடு சிறுவங்கூர் அரசு மருத்துவமனைக்கு நான்கு நாள் கழித்து வருகிறார் என்று வையுங்கள். 'ஷி புட் ஆஃப் சீயிங் தி டாக்டர்' என்று குறிப்பில் எழுதினால் பழி அவர் தலையில் விழும். வரவே மனமில்லாமல் இருந்தாரா, பஸ் இல்லாமல் தவித்தாரா? கேட்டுவிட்டு எழுதுங்கள். பஸ் இல்லாததுதான் காரணம் என்றால் அதையே எழுதலாம்: 'ஹெர் ட்ரீட்மென்ட் வாஸ் டிலேய்ட் பிகாஸ் தேர் வாஸ் நோ பஸ்'.