நோத்ர-தாம் வாசலில் ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர்

பாரிஸின் நடுவே, சேன் நதி சூழ்ந்த சீத்தே தீவில், நோத்ர-தாம் தேவாலயத்தின் மேற்கு முகப்புக்கு எதிரே கல் பாவிய ஒரு வெளி இருக்கிறது. பாரிஸிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலைகளின் தூரத்தை அளப்பதற்கான சுழியப் புள்ளி அங்கேதான் பதிக்கப்பட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்கு முன், ஆண்டுக்கு ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் இந்தத் தேவாலயத்துக்கு வந்துபோனார்கள். அவர்கள் வரிசையில் காத்து நின்ற நடுப்பகுதியில் நிழல் இல்லை. அந்தச் சதுக்கத்தையும் தேவாலயத்தைச் சுற்றியுள்ள இடங்களையும் வெப்பம் தாங்கும்படி மாற்றியமைக்க பாரிஸ் மாநகராட்சி ஒரு போட்டி நடத்தியது. 2022 ஜூனில் பெல்ஜிய நிலவடிவமைப்பாளர் பாஸ் ஸ்மெட்ஸின் குழு அதில் வென்றது. செலவு மதிப்பீடு 5 கோடி யூரோ.

பழமையான சதுக்கத்தில் கைவைக்கலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. ஆனால் இங்கே பழமை எது என்பதே சிக்கலானது. 1163இல் கட்டத் தொடங்கிய தேவாலயத்தின் முன்னால் இடைக்காலத்தில் இருந்தது சிறு முற்றம்தான். நெருக்கியடித்த வீடுகளுக்கிடையே குறுகலான தெருவில் நடந்து வருபவரின் கண்ணுக்கு, கோபுரங்கள் அருகில் வந்த பிறகே தென்படும். விக்டர் யூகோ 1831இல் நாவலாக எழுதியதும் அந்த நெரிசலான பாரிஸைத்தான். 1853இல் நகர நிர்வாகத் தலைவராக வந்த ஓஸ்மான், தீவின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார். தெற்கே ஆற்றோரம் இருந்த ஓத்தெல்-தியூ மருத்துவமனை இடிக்கப்பட்டு, வடக்கே புதிதாக எழும்பியது. முற்றம் பல மடங்கு பெரிதானது. ஆக, இன்று மரபுச் சின்னமாகப் போற்றப்படும் இந்த வெட்டவெளிக்கு வயது நூற்றைம்பது சொச்சம். தேவாலயத்தின் வயதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

தரைக்குக் கீழே கதை இன்னும் நீளம். இங்கே வாகன நிறுத்தம் கட்டுவதற்காக 1965இல் தோண்டத் தொடங்கியபோது ரோமானியர் காலத்துக் கட்டடங்கள், நகர மதில், இடைக்கால வீடுகளின் நிலவறைகள் எல்லாம் வெளிப்பட்டன. 1972 வரை நீடித்த அகழாய்வில் கிடைத்தவற்றை அப்படியே காக்க நிலத்தடி அருங்காட்சியகம் அமைத்து, 1980இல் மக்களுக்குத் திறந்தார்கள். வாகன நிறுத்தமும் வந்தது. இதனால் சதுக்கத்தின் பெரும்பகுதி உண்மையில் ஒரு கூரைத் தளம். வேர் இறங்க மண் இல்லாத இடத்தில் பெரிய மரத்தை வைக்க முடியாது. படம் வரைபவர்கள் இதை எளிதில் மறந்துவிடுவார்கள்.

ஆனால் வெயில் மறக்க விடுவதில்லை. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்ஸ் முழுவதும் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்நகரில் இதுவரை அளக்கப்பட்ட உச்சம் அது. பகலில் வெப்பத்தை உறிஞ்சும் கல்லும் தாரும் அதை இரவில் மெல்ல வெளிவிடுவதால், நகரின் நடுப்பகுதி சுற்றுப்புறக் கிராமங்களைவிடப் பல டிகிரி சூடாகவே இருக்கும். 2003இல் முதியவர்களைப் பலிகொண்டதில் ஆறாத அந்த இரவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நடுவே மரம் நட முடியாது, முகப்பின் காட்சியையும் மறைக்கக் கூடாது. இந்த இரண்டு தடைகளுக்கும் ஸ்மெட்ஸ் சொன்ன விடை, காட்டின் நடுவிலுள்ள திறந்தவெளி போல ஓர் அமைப்பு. நடுவில் வெளி அப்படியே இருக்கும். ஓரங்களில் மரங்கள் அடர்ந்து நிழல் தரும். கடும் வெயில் நாட்களில் முகப்புக்கு முன்னால் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் படலமாக ஓடும். வாசலில் தண்ணீர் தெளித்தால் மாலைச் சூடு தணியும் என்று அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 5 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். அது முழுவதும் ஆவியானால் 12 மெகாஜூல் செலவாகும். தெளிந்த கோடை நாளில் அந்த ஒரு சதுர மீட்டர் வாங்கும் வெயிலின் ஆற்றலில் இது பாதிக்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில் தண்ணீரின் ஒரு பகுதி வடிந்துவிடும் என்பதால் பலன் இதைவிடக் குறையலாம். காற்றின் வெப்பநிலையைவிட, நிற்பவர் உடலில் உறைக்கும் சூடு சில டிகிரி தணியும் என்பதே வடிவமைப்பாளர்களின் எதிர்பார்ப்பு. வெயில் தாழ்ந்ததும் தண்ணீரை நிறுத்தினால், சிறிது நேரத்தில் அதே தரை ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் தயாராகிவிடும். குளம் வெட்டியிருந்தால் இந்த வசதி கிடைக்காது.

பிரான்ஸுக்கு இதில் முன் அனுபவம் உண்டு. போர்தோ நகரின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சதுக்கமான பிளாஸ் த லா பூர்ஸுக்கு எதிரே 2006இல் திறக்கப்பட்ட ‘நீர்க் கண்ணாடி’ 3,450 சதுர மீட்டர் பரப்பில் 2 சென்டிமீட்டர் தண்ணீரை நிறுத்துகிறது. கோடையில் குழந்தைகள் அங்கேதான் கிடக்கிறார்கள். பாரிஸிலேயே பிளாஸ் த கத்தலோன்ய் என்ற வட்டச் சதுக்கத்தில் 2024இல் 470 மரங்கள் நட்டுச் சிறு காடு உண்டாக்கினார்கள். அது 1980களில் உருவான இடம். மறைத்துவிடக் கூடாத முகப்பு எதுவும் அங்கே இல்லை. நோத்ர-தாம் திட்டத்துக்கோ 2022இல் அறிவித்தது 131 மரங்கள்தான். எண்ணிக்கையை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது நியாயமாகாது.

திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி தண்ணீர்ப் படலம் அல்ல, பழைய வாகன நிறுத்தம் என்றே சொல்ல வேண்டும். கார்களை வெளியேற்றி அதை வரவேற்பு மண்டபமாக்கி, தெற்குச் சுவரைத் திறந்து சேன் நதியைப் பார்க்கும்படி செய்கிறார்கள். மேலே வெயிலில் நிற்கும் கூட்டத்தில் ஒரு பகுதி நிலத்தடிக் குளிர்ச்சிக்கு இறங்கும். அருங்காட்சியகத்துக்கும் வழி அங்கிருந்தே கிடைக்கும். தேவாலயத்தின் பின்புறத்தில், வேலிகளால் துண்டுபட்டிருந்த தோட்டங்கள் இணைந்து ஆற்றோரமாக 400 மீட்டர் நீளப் பூங்காவாகும்.

எதிர்ப்புகளில் சில, பழைய வேலிகளும் இருக்கைகளும் போய்விடுமே என்ற கவலையிலிருந்து வந்தவை. சேன் கரைகள் 1991 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மரபுக் காப்பு அதிகாரிகளின் ஒப்புதல் தேவை. தண்ணீர் வீணாகாதா என்ற கேள்வியும் இருக்கிறது. பாரிஸில் தெருக் கழுவவும் பூங்காக்களுக்குப் பாய்ச்சவும் ஓஸ்மான் காலத்திலிருந்தே குடிநீரல்லாத தனிக் குழாய் வலை உண்டு. ‘ஊர்க்’ (Ourcq) என்ற கால்வாயின் நீரும் சேன் நீரும் அதில் ஓடுகின்றன. குடிநீரைத் தொடாமல் நகரைக் குளிர்விக்க இப்படியொரு வசதி பல நகரங்களுக்கு வாய்க்கவில்லை. மரங்களின் விஷயத்தில் அவசரம் செல்லாது. நடும்போது மெலிந்திருக்கும் கன்று, ஆள் நின்று இளைப்பாறும் அளவு நிழல் தர பத்து, இருபது ஆண்டுகள் எடுக்கும். முதல் சில கோடைகளில் அதற்கே தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

தேவாலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. சுற்றுப்புறப் பணிகள் அதன் பிறகே என்பது தொடக்கத்திலிருந்தே முடிவாகியிருந்தது. முகப்புச் சதுக்கம், நிலத்தடி மண்டபம், பின்புறப் பூங்கா என்று பகுதி பகுதியாக அவற்றை முடிக்க மாநகராட்சி வைத்திருக்கும் இலக்கு 2028.