முகத்தோடு நின்றுவிடாதீர்கள்

ஒரு பக்கத் தாடை சிறுத்து, காது மடல் உருவாகாமல் குழந்தை பிறந்தால் குடும்பம் நேரே பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரைத் தேடி ஓடுகிறது. ‘கொஞ்சம் வளரட்டும்’ என்று அவர் சொன்னதும், மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிப்போட்டுவிடுகிறது. ஆபத்து அங்கேதான். 1952இல் மாரிஸ் கோல்டன்ஹார் என்ற மருத்துவர் விவரித்த, அவர் பெயராலேயே அறியப்படும் இந்தப் பிறவிக் குறைபாடு முகத்தோடு நிற்பதில்லை. கண், கழுத்தெலும்பு, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் என எதையும் தொடலாம். பெரும்பாலும் பரம்பரையில் வராதது. கிரகணத்தின்மீதும் தாயின்மீதும் பழிபோடுவதை இனியாவது நிறுத்த வேண்டும். தாடை அறுவைக்குக் காத்திருக்கலாம், செவித்திறன் காத்திருக்காது. மூன்று மாதத்துக்குள் ‘பெரா’ என்னும் செவிப் பரிசோதனை செய்து, குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்த வேண்டும். துளையே இல்லாத காதுக்கும் எலும்பு வழியே ஒலி கடத்தும் கருவி உண்டு, தலைப்பட்டையில் மாட்டிவிடலாம். நன்றாக இருப்பதாகத் தோன்றும் மறு காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். எந்த அறுவைக்கும் முன்னால் கழுத்தெலும்புக் குறைபாட்டையும் தாடைச் சிறுமையையும் மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது இக்குழந்தைகளுக்குக் கடினம்.

செலவுக்கு வழியில்லை என்பவர்கள் அரசு மருத்துவமனையிலுள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையத்தைக் கேட்டுப் போகலாம். 18 வயது வரை பிறவிக் குறைபாடுகளைக் கவனிப்பதற்கென்றே அது இருக்கிறது. அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கோல்டன்ஹார் என்ற பெயர் கிடையாது. அதைச் சொல்லியே திருப்பி அனுப்பும் அலுவலர்களுக்குப் பணிந்து வீடு திரும்பாதீர்கள். சட்டம் பார்ப்பது நோயின் பெயரை அல்ல, இழந்த திறனை. ஒரு காதுக் குறை மட்டும், சட்டச் சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதக் குறைபாட்டு அளவை எட்டாமல் போகலாம். ஆகவே செவி, பார்வை, முதுகெலும்பு மூன்றையும் சேர்த்து மதிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே எக்ஸ்ரே, செவிப் பரிசோதனை அறிக்கை, கண் மருத்துவர் குறிப்பு எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கட்டும். குழந்தைக்கு ‘ஊனமுற்றவர்’ முத்திரை எதற்கு என்று தயங்குகிறார்கள் பலர். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் 40 சதவீதம் பதிவானால்தான் 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வியை அச்சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் கேட்க முடியும். சதவீதத்தைக் குறைத்துப் போட்டால் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் மேல்முறையீடு நகராது.